பட்டறைக்கும் தொட்டிலுக்கும் இடையே

 

கைத்தொழில் செய்து உண்பதை நம் பெரியோர் உயர்வாகக் கருதினர். அத்தொழில் வீட்டிலேயே அமைந்துவிட்டால் இன்னும் நல்லது என்றனர். கடை வாடகை இல்லை, போய்வரும் செலவில்லை, இல்லத்தரசியரும் வீட்டு வேலைக்கு இடையே வருமானத்திற்குத் துணைநிற்கலாம். நான் வாழும் பெண்ணாடத்தில் இத்தகைய குடும்பங்கள் பல உண்டு. ஒரு வீட்டுத் திண்ணையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறார்கள். மற்றொரு வீட்டின் முன்னறையில் தையல் இயந்திரங்கள் ஓடுகின்றன. இன்னொரு வீட்டின் பின்கட்டில் தச்சுவேலை நடக்கிறது.

இவற்றோடு எங்கள் பகுதிக்கே உரிய தொழில் ஒன்றுண்டு. இருபது கிலோமீட்டருக்குள் இருக்கும் விருத்தாசலம் பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற ஊர். அத்தொழிலைக் கற்பிக்கும் அரசு நிறுவனமும் பீங்கான் தொழிற்பேட்டையும் அங்கு உள்ளன. அகல் விளக்கும் பொம்மையும் அங்கிருந்து வெளியூர்களுக்குச் செல்கின்றன. அங்கே தொழில் கற்று வந்து, வீட்டிலேயே அச்சில் பொம்மை வார்த்து, சூளைக்குக் கொண்டுசென்று சுட்டெடுத்து, மீண்டும் வீட்டில் வைத்து வண்ணம் தீட்டும் குடும்பங்களை நான் அறிவேன். அவர்களுடைய பிள்ளைகள் என்னிடம் ஓத வருகிறார்கள். சில பிள்ளைகளின் நகக்கண்ணிலும் காது மடலிலும் வெள்ளைத் தூள் படிந்திருக்கும். அந்தத் தூளைப் பற்றியும், அது எந்த அறையிலிருந்து வந்ததோ அந்த அறையைப் பற்றியுமே இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

சொன்னால் கேட்குமா குழந்தை?

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவனின் தம்பி, மூன்று வயதுக் குழந்தை, பொம்மைக்கு வண்ணம் தீட்டும் அறைக்குள் நுழைந்து தின்னரை எடுத்துக் குடித்துவிட்டது. தின்னர் எதில் இருந்தது தெரியுமா? குளிர்பானம் வாங்கிக் காலியான புட்டியில். விருந்தாளி வந்த நாளில் அதே போன்ற புட்டியிலிருந்துதான் குழந்தைக்கு இனிப்புப் பானம் ஊற்றிக் கொடுத்தார்கள். குழந்தை தன் அறிவுக்கு எட்டிய வரையில் சரியாகவே செய்தது. நுரையீரலில் அழற்சி ஏற்பட்டு ஒன்பது நாட்கள் மருத்துவமனையில் கிடந்து, அல்லாஹ்வின் அருளால் பிழைத்தெழுந்தது.

நலம் விசாரிக்கச் சென்ற என்னிடம் அக்குழந்தையின் அத்தா மனம் வெதும்பிக் கூறினார்: “நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன் ஹஜ்ரத்! அந்த அறைப் பக்கம் போகாதே, போகாதே என்று தினமும் சொல்வேன்.”

அவர் பொய் சொல்லவில்லை. நிச்சயமாகச் சொல்லியிருப்பார். அந்தச் சொல்லின் மீது அவர் வைத்த நம்பிக்கையைத்தான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சிறு பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ‘பா’வுக்குக் கீழே ஒரு புள்ளி, ‘தா’வுக்கு மேலே இரண்டு புள்ளி. இந்த வேறுபாடு ஐந்து வயதுப் பிள்ளையின் மனத்தில் நிலைபெற எனக்குச் சில வாரங்கள் ஆகின்றன. நேற்றுச் சரியாகச் சொன்னவன் இன்று மாற்றிச் சொல்வான். அவனை நான் குறை கூறுவதில்லை. அந்த வயதின் இயல்பு அது. அங்ஙனமிருக்க, மூன்று வயதுக் குழந்தை ‘போகாதே’ என்ற ஒற்றைச் சொல்லை நினைவில் நிறுத்தி, தன் ஆவலையும் அடக்கிக்கொண்டு, கதவு திறந்து கிடக்கும் அறையைத் தாண்டிப் போய்விடும் என்று நாம் எவ்வாறு எதிர்பார்க்கலாம்? அந்த அறையிலோ வண்ண வண்ணக் குப்பிகள் இருக்கின்றன, பொம்மைகள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் மேலாக அத்தாவும் அம்மாவும் இருக்கிறார்கள்!

ஆகவே குழந்தையின் பாதுகாப்பை அதன் கீழ்ப்படிதலின் மேல் கட்டாதீர்கள். அறையின் அமைப்பின் மேல் கட்டுங்கள். குழந்தை சொல்லை மறந்தாலும் தாழ்ப்பாள் மறப்பதில்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவே. மற்றவை இதன் விளக்கம்.

சிலர் எட்டு வயது அக்காளைக் காவலுக்கு வைத்துவிட்டு நிம்மதியாக வேலை செய்கிறார்கள். அந்த அக்காளும் குழந்தைதான். தோழி வந்து கூப்பிட்டால் அவளும் ஓடிவிடுவாள். பெரியவர்கள் சுமக்க வேண்டிய பொறுப்பை அவள் தோளில் ஏற்றுவது முறையன்று.

கண்ணுக்குத் தெரியும் ஆபத்துகள்

பீங்கான் சூளையின் உள்வெப்பம் 1,200 பாகை செல்சியசையும் தாண்டும். அதனால் சூளையை அனைவரும் அஞ்சுகிறோம். ‘எங்கள் வீட்டில் சூளை இல்லையே, வார்ப்பும் வண்ணமும்தானே’ என்று ஆறுதல் அடைகிறோம். ஆனால் அமைதியாகத் தோன்றும் வேலைகளிலேயே குழந்தைக்கு ஆபத்து மறைந்திருக்கிறது.

அச்சு செய்யப் பயன்படும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவைப் பாருங்கள். தண்ணீரோடு கலந்தால் அது இறுகும், இறுகும்போது சூடேறும். மேசை மேல் சிந்திய சிறிதளவில் அச்சூடு தெரியாது. வாளி நிறையக் கலந்தால் கையைச் சுட்டுப் பொசுக்கும் அளவுக்கு ஏறும். 2007-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு பள்ளியின் ஓவிய வகுப்பில் 16 வயது மாணவி தன் கைகளின் வார்ப்பை எடுக்க விரும்பிப் பிளாஸ்டர் வாளிக்குள் இரு கைகளையும் நுழைத்தாள். பிளாஸ்டர் இறுகியது, கையை எடுக்க முடியவில்லை, வெந்துபோன விரல்களில் பெரும்பாலானவற்றை அவள் இழந்தாள். 2009-இல் நீதிமன்றம் அப்பள்ளிக்கு அபராதம் விதித்தது. வகுப்பறையில், வளர்ந்த பெண்ணுக்கே இந்த நிலை என்றால், வெள்ளை மாவைக் கண்டதும் கையை விடும் குழந்தையின் கதி என்ன?

அடுத்தது தொட்டி. களிமண் கரைசல் வைத்திருக்கும் தொட்டியும், கை கழுவும் நீர் வாளியும் முழங்கால் உயரந்தான். ஆனால் தவழும், தத்தி நடக்கும் குழந்தைக்கு உடலை நோக்கத் தலை கனம். எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழுந்தால் அதனால் எழ முடியாது. சில அங்குல நீரே உயிரைப் பறிக்கப் போதும். அதுவும் சத்தமின்றி நிகழும். அடுத்த அறையில் இருப்பவருக்குக் கேட்காது.

அடுத்தது மோட்டாரும் பெல்ட்டும். சுழலும் பகுதிகளுக்குத் தடுப்பு வேண்டும் என்பதை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே கட்டாயமாக்கியது. ஆலையில் அதைப் பார்வையிட இன்ஸ்பெக்டர் வருவார். உங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு யாரும் வரப்போவதில்லை. அங்கே அத்தாவே முதலாளி, அத்தாவே இன்ஸ்பெக்டர். பெல்ட்டுக்குக் கம்பி வலைக் கூண்டு போட்டுவிட்டால் குழந்தையின் விரலும் தப்பும். உங்கள் மகளின் துப்பட்டாவும் பின்னலும் தப்பும்.

கண்ணுக்குத் தெரியாத தூசி

இதுவரை சொன்னவை கண்ணுக்குத் தெரிபவை. காயம் பட்டால் உடனே அலறுவோம், ஓடுவோம். தூசி அப்படிப்பட்டதன்று. அது பல மாதங்கள் பேசாமலிருந்து பிறகு பேசும்.

பீங்கான் கலவையில் களிமண்ணோடு குவார்ட்ஸ் கல்லின் பொடியும் சேர்கிறது. அதில் இருப்பது சிலிக்கா. ஈரமாக இருக்கும்வரை அதனால் தீங்கில்லை. வார்த்த பொம்மை காய்ந்தபின் பிசிறுகளைச் சுரண்டும்போதும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போதும், காய்ந்த தரையைத் துடைப்பத்தால் கூட்டும்போதும் அது எழுந்து மிதக்கிறது. நுரையீரலின் அடியாழம் வரை செல்லும் துகள், தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கும் இராது. நீண்ட காலம் சுவாசித்தால் நுரையீரல் தழும்பேறிச் சிலிக்கோசிஸ் என்னும் நோய் வரும். வந்தபின் அதைக் குணப்படுத்த மருந்தில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997-இல் இத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் சேர்த்தது.

‘அது தொழில் செய்பவருக்கல்லவா?’ என்று கேட்பீர்கள். நம்மில் பலர் மோதிரத்தில் பதித்து அணியும் அகீக் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். குஜராத் மாநிலத்தின் கம்பாத் நகரில் அக்கல்லை வீட்டுப் பட்டறைகளில் சாணைபிடித்து மெருகேற்றுகிறார்கள். அங்கே சாணை பிடித்தவர்களுக்கு மட்டுமின்றி, தொழிலில் ஈடுபடாமல் அருகில் வசித்தவர்களுக்கும் நுரையீரல் பாதிப்பு இருந்ததை ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். தூசிக்கு முதலாளி, தொழிலாளி, குழந்தை என்ற பேதம் தெரியாது.

மற்றொன்று ஈயம். பீங்கானுக்கும் மண்பாண்டத்திற்கும் பளபளப்பு ஏற்றும் பூச்சுகள் சிலவற்றில் ஈயம் உண்டு. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு வண்ணங்கள் சிலவற்றிலும் உண்டு. வாய்வழி உட்சென்ற ஈயத்தைப் பெரியவரின் உடல் ஏற்பதைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடல் ஏற்றுக்கொள்ளும். அது மூளையின் வளர்ச்சியைக் கெடுக்கிறது. இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கூற்று. ஓதியது மனத்தில் நில்லாத பிள்ளையை ‘மந்தம்’ என்று ஏசுகிறோமே, அவன் வீட்டுத் தரையில் என்ன படிந்திருக்கிறது என்று என்றேனும் கேட்டோமா?

நைஜீரியாவின் ஜம்ஃபாரா மாநிலம் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதி. அங்கே ஏழைக் குடும்பங்கள் தங்கம் கலந்த கல்லை வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்து மாவு இயந்திரத்தில் அரைத்துப் பிழைத்தன. அந்தக் கல்லில் ஈயமும் மிகுந்திருந்தது. 2010-ஆம் ஆண்டில் வெளிப்பட்ட அந்தக் கொடுமையில் குறைந்தது நானூறு குழந்தைகள் இறந்தார்கள். பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். அந்தத் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சோறு போடத்தான் அக்கல்லை அரைத்தார்கள். பொம்மைப் பட்டறையின் ஆபத்து அந்த அளவினதன்று. ஆயினும் தொழிலும் குழந்தையும் ஒரே முற்றத்தில் இருந்தால் நஞ்சு எந்த வழியில் செல்லும் என்பதை அது காட்டுகிறது.

அந்த வழி எவ்வளவு குறுகியது என்பதை, தின்னர் குடித்துப் பிழைத்த குழந்தையின் தாயார் என் மனைவியிடம் சொன்ன ஒரு வார்த்தையால் அறிந்தேன். “பட்டறையில் கட்டியிருந்த சேலையோடுதான் அவனைத் தூக்குகிறேன் அக்கா. அந்த முந்தானையைத்தான் வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே தூங்குகிறான்.” அறையைப் பூட்டினாலும் முந்தானையில் தூசி வந்துவிடுகிறதே! எந்தப் புத்தகமும் படிக்காமல் அந்தச் சகோதரி உண்மையைக் கண்டுகொண்டார்.

என்ன செய்யலாம்?

“பட்டறையை மூடினால் சோற்றுக்கு எங்கே போவது ஹஜ்ரத்?” என்று அந்த அத்தா கேட்டார். மூடச் சொல்ல நான் யார்? இரண்டரை அறை கொண்ட வாடகை வீடு அது. தனிக் கொட்டகை கட்டச் சொல்வதும் எளிது; கட்டுவதுதான் கடினம். ஆகவே இருக்கும் வீட்டுக்குள்ளேயே என்ன முடியும் என்று அவரும் அவர் மனைவியும் என்னோடு உட்கார்ந்து யோசித்தார்கள். அவர்கள் செய்தவற்றைச் சொல்கிறேன். உங்கள் தொழிலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் ஓர் அரைக்கதவு. பழைய பலகைகளைக் கொண்டு, குழந்தையால் ஏற முடியாத உயரத்தில், தாழ்ப்பாளை வெளிப்புறம் மேலே வைத்துச் செய்தார்கள். வேலை செய்யும் அம்மாவுக்கு வெளியே விளையாடும் குழந்தை தெரியும். குழந்தையால் உள்ளே வர முடியாது. வேலை முடிந்ததும் உள்ளிருக்கும் முழுக்கதவையும் சாத்திப் பூட்டுகிறார்கள்.

இரண்டாவது, தின்னரையும் டர்பன்டைனையும் வண்ணங்களையும் அவை வந்த டப்பாவிலேயே வைத்து, மூடி, உயரமான அலமாரியில் ஏற்றினார்கள். உண்ணும் பொருள் வந்த புட்டியில் உண்ணாத பொருளை ஊற்றுவதில்லை என்பதை வீட்டுச் சட்டமாக்கினார்கள். எந்தத் தொழில் செய்யும் வீட்டுக்கும் இது பொருந்தும். பேட்டரி அமிலம், பூச்சிமருந்து, தரை கழுவும் திரவம் எல்லாவற்றுக்கும்தான்.

மூன்றாவது, ஈரம். காய்ந்த பொம்மையை உப்புத்தாளால் தேய்ப்பதை விட்டு, ஈரப் பஞ்சால் பிசிறு நீக்குகிறார்கள். தரையைக் கூட்டுவதில்லை, ஈரத்துணியால் துடைக்கிறார்கள். தூசி எழாவிட்டால் மூச்சிலும் ஏறாது. தொழில் செய்யும் பெரியவரின் மார்பும் இதனால் காக்கப்படுகிறது.

நான்காவது, பட்டறை உடை. ஒரு பழைய சட்டை, ஒரு பழைய சேலை பட்டறை ஆணியிலேயே தொங்கும். வெளியே வருமுன் அதைக் கழற்றி, கை முகம் கழுவியபின்தான் குழந்தையைத் தூக்குவது. அவ்வுடையைக் குழந்தையின் துணியோடு சேர்த்துத் துவைப்பதில்லை. அறைக்குள் உண்பதும் இல்லை. தேநீர்க் குவளையும் வெளியேதான்.

ஐந்தாவது, நேரம். தூசியும் சூடும் உள்ள வேலைகளைக் குழந்தை அங்கன்வாடிக்குச் செல்லும் நேரத்தில் முடித்துக்கொள்கிறார்கள். வண்ணம் தீட்டுவது போன்ற வேலை குழந்தை உறங்கியபின். வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்க்கிறார்கள். கரைசல் தொட்டிக்குப் பலகை மூடி. மெயின் சுவிட்சு அணைப்பு. இரவில் விளக்கை அணைக்கவும் பாத்திரங்களை மூடவும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அந்த வழக்கத்தைப் பட்டறைக்கும் நீட்டினால் போதுமே.

இவற்றுக்கு ஆன செலவு ஒரு தச்சரின் கூலியும் ஒரு பூட்டின் விலையுந்தான். வசதியுள்ளோர் மின் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியையும் பொருத்திக்கொள்ளுங்கள். ஈரக்கையும் மோட்டாரும் சேரும் இடத்தில் அது பெருந்துணை. வண்ணம் வாங்கும்போது ஈயம் சேராதது என்று டப்பாவில் குறித்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுப் பயன்பாட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நம் நாட்டில் நடப்பில் உள்ளது. தொழிற்சாலைப் பயன்பாட்டு வண்ணங்களுக்கு அவ்விதி பொருந்தாது. அவற்றைப் பொம்மைக்குப் பூசாதீர்கள். அந்தப் பொம்மையும் யாரோ ஒரு குழந்தையின் வாய்க்குத்தான் போகிறது.

தொழிலைக் கற்பிக்க வேண்டாமா?

‘பார்த்துப் பார்த்துத்தானே பிள்ளை தொழில் கற்கும்?’ என்பது நியாயமான கேள்வி. கற்கட்டும், ஆனால் வயது வரட்டும். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளை, பள்ளி நேரம் போக, குடும்பத் தொழிலில் உதவலாம் என 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் இடம் தருகிறது. ஆபத்தான தொழில்களுக்கும் வேலைமுறைகளுக்கும் அந்தச் சலுகை கிடையாது. தொட்டில் பருவத்திலிருந்து தூசியைச் சுவாசித்தவன் தொழிலைக் கற்கும் வயதில் நோயாளியாக நின்றால் யாருக்கு லாபம்? அதுவரை ஈரக் களிமண்ணில் ஓர் உருண்டையைக் கொடுத்து அரைக்கதவுக்கு வெளியே உட்கார வையுங்கள். அவன் பிடித்துத் தருவது யானையா பூனையா என்று உங்களுக்குத் தெரியாமற் போகலாம். அவன் விரல் பழகும்.

எல்லாம் செய்தும் ஏதேனும் நேர்ந்துவிட்டால், சிலவற்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். தீப்புண்ணில் குளிர்ந்த குழாய்நீரை இருபது நிமிடம் விடுங்கள். பற்பசை, மை, பனிக்கட்டி எதுவும் வேண்டாம். தின்னர், மண்ணெண்ணெய் குடித்த குழந்தையை வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள், உப்புநீர் புகட்டாதீர்கள், வாந்தி நுரையீரலுக்குள் போனால் பெருங்கேடு. எதைக் குடித்ததோ அந்தப் புட்டியோடு மருத்துவமனைக்கு விரையுங்கள். மின்சாரம் தாக்கினால் குழந்தையைத் தொடுமுன் மெயினை அணையுங்கள். 108 என்ற எண்ணில் அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். நம் மாநிலத்தில் 2008 முதல் அது இயங்குகிறது. பேசத் தெரிந்த பிள்ளைகள் எல்லாருக்கும் அந்த எண்ணைச் சொல்லிக்கொடுங்கள்.

ஜமாஅத் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீடுகளில் நெருக்கியடித்துத் தொழில் செய்யும் நாலைந்து குடும்பங்கள் உங்கள் மஹல்லாவில் இருந்தால், சும்மா கிடக்கும் ஓர் இடத்தைப் பொதுப் பட்டறையாகக் குறைந்த வாடகைக்குக் கொடுக்க முடியுமா என்று எண்ணிப் பாருங்கள். பல குழந்தைகளின் மூச்சைக் காத்த நன்மை உங்களைச் சேரும்.

வாசகர்களே! குழந்தை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இன்றிரவு இஷா தொழுதபின் உங்கள் பட்டறை வாசலில் தரையில் உட்காருங்கள். உங்கள் கண் அப்போது மூன்று வயதுக் குழந்தையின் கண் மட்டத்துக்கு வரும். அங்கிருந்து கைநீட்டி எதை எடுக்கலாம், எதை இழுக்கலாம், எதற்குள் விழலாம் என்று பாருங்கள். எழுந்திருக்குமுன் அவற்றில் ஒன்றையேனும் உயரத்தில் ஏற்றிவிடுங்கள், மற்றவற்றை நாளைக்கு. வல்ல நாயன் உங்கள் கைத்தொழிலிலும் உங்கள் மக்களிலும் பரக்கத் செய்வானாக.